இந்த வாரம் எங்கே கேட்கலாம்?

ஆலங்குடியில் இருக்கிறேன் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள், "குருபகவான் ஊர்தானே, குருப்பெயர்ச்சிக்கு வருகிறேன்" என்பார்கள். அது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி. நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த மூன்று தாலுகாக்களில் ஒன்று. இங்கே நாமபுரீஸ்வரர் இருக்கிறார், அறம்வளர்த்த நாயகி இருக்கிறாள், வடகாடு பக்கம் போனால் பலா மரங்கள் இருக்கின்றன. சபா என்று ஒன்று கிடையாது. அதனால் சென்னைவாசிகள் அடுத்த கேள்வியாக, "அங்கே சங்கீதத்துக்கு என்ன செய்கிறீர்கள், யூடியூபா?" என்று இரக்கத்தோடு கேட்கிறார்கள்.

யூடியூபும் உண்டு. ஆனால் எனக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு தவில்காரர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். பெயர் போடவில்லை, போட்டால் அவருக்குச் சங்கடம், ஏன் என்பது கீழே புரியும். வாரத்தில் ஒருநாள் கடைத்தெருவில் பார்க்கும்போது, வரும் நாட்களில் எங்கே யார் வாசிக்கிறார்கள், எதைக் கேட்கலாம் என்று சொல்லுவார். நான் பழைய டைரியில் குறித்துக்கொள்வேன். அந்தப் பட்டியல் எந்தப் பத்திரிகையிலும் வராது. ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு பட்டியல் யாரோ ஒருவரின் வாயில் இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை என்பது என் கட்சி.

இந்த ஆனி மாதத்தில் அவர் ஒரு வாரத்துக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

ஆவுடையார்கோயிலில் ஆனித் திருமஞ்சன விழா. "பகலில் போகாதீங்க சார், கூட்டம். ராத்திரி சாமி புறப்பாட்டுக்குப் போங்க. மல்லாரி ஆரம்பிக்கும்போது வாசல்ல நிக்கணும், தேர் முட்டியில நின்னா பாதிதான் கேட்கும்."

பக்கத்துக் கிராமம் ஒன்றில் கும்பாபிஷேகம். "யாகசாலையில கடைசிக் காலம் முடிஞ்சு கடம் புறப்படற நேரம் வாங்க. அதுக்கு முன்னாடி மைக்கில பேசிக்கிட்டுத்தான் இருப்பாங்க."

ஒரு கல்யாணம். அழைப்பு இல்லையே என்றேன். "காலையில ஆறு மணிக்கு மண்டபத்து வாசல்ல உட்காருங்க. யாரும் ஒன்னும் கேட்க மாட்டாங்க. மாப்பிள்ளை வீடு எந்திரிக்கறதுக்கு முன்னால நாயனக்காரர் தனக்காக வாசிப்பார். அதுதான் கச்சேரி."

ஓர் அம்மன் கோயிலில் கரகம். "நையாண்டி மேளம்னு முகத்தைச் சுளிக்காதீங்க. அந்தப் பம்பைக்காரர் கையைப் பாருங்க."

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். எங்கே நிற்பது, எப்போது வருவது, எதைக் கவனிப்பது என்று மூன்றையும் சொல்கிறார். வாசிக்கிறவருக்குத்தான் இது தெரியும். விமர்சகர் சொல்ல மாட்டாரா என்றால், கல்கி "கர்நாடகம்" என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதினார், பிறகு சுப்புடு எழுதினார். இரண்டு பேரையும் ரசித்துப் படித்தவன்தான் நான். ஆனால் விமர்சனம் என்பது கச்சேரி முடிந்த பிறகு வருவது. போன பஸ் எவ்வளவு சுகமாக இருந்தது என்று பஸ் ஸ்டாண்டில் நிற்பவனிடம் சொல்வது மாதிரி. பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் வேண்டாமா?

என்னைப் படித்து வருபவர்களுக்கு நான் காரைக்கால்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது தெரியும். பிரான்சில் 1982-இல் கலாச்சார அமைச்சராக இருந்த ழாக் லாங் ஒரு காரியம் செய்தார். ஜூன் 21 அன்று, வாத்தியம் வாசிக்கத் தெரிந்த எல்லோரும் வீதிக்கு வந்து வாசியுங்கள், கட்டணம் கிடையாது என்றார். "ஃபேத் த லா முய்சிக்" என்று பெயர். ஃபேத் என்றால் திருவிழா. அதே உச்சரிப்பில் வேறு எழுத்துக்கூட்டி எழுதினால் "செய்யுங்கள்" என்று பொருள். இசைத் திருவிழா, இசையைச் செய்யுங்கள், இரண்டும் காதுக்கு ஒன்றே. இன்று உலகெங்கும் பல நகரங்களில் நடக்கிறது, புதுச்சேரியிலும் நடக்கிறது.

நல்ல காரியம்தான். ஆனால் ஜூன் 21 என்பது நமக்கு ஆனி பிறந்து ஒரு வாரம். அந்த மாதத்தில்தான் ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் வீதி வருகிறார். அதே ஆனிப் பௌர்ணமியில்தான் காரைக்காலில் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. தம் பதிகத்தில் பண்களின் சுரப் பெயர்களையும் வாத்தியப் பெயர்களையும் வரிசையாக அடுக்கிய அம்மையார் அவர். வீதியில், கட்டணம் இல்லாமல், வெறுங்காலோடு நின்று கேட்கும் இசை நமக்கு எந்த அமைச்சரும் அறிவித்து வந்ததல்ல. பிரெஞ்சுக்காரர்களுக்கு வாசிக்கிறவர்களை வீதிக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. நம்மிடம் வாசிக்கிறவர்கள் வீதியில்தான் இருக்கிறார்கள். கூப்பிட வேண்டியது கேட்கிறவர்களை.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டை ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். சுரங்களைக் கிரந்த எழுத்தில் ஏழு பிரிவுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரிய கை. அந்த வழியில் வந்தவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. புதுக்கோட்டை பாணி என்று லயக்காரர்கள் இன்றும் சொல்வது இந்தப் பரம்பரையைத்தான். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாமூண்டியா பிள்ளை லயம் கற்றது ஒரு தவில்காரரிடம் என்பார்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் சங்கதிக்கு ஊற்று கோயில் வாசலில் இருந்திருக்கிறது. தவிலின் கட்டை பலா, மிருதங்கத்தின் கட்டை பலா, கஞ்சிராவின் வளையமும் பலா. பலாவுக்குப் பெயர்போன பகுதியில் இருந்துகொண்டு, பழத்தின் விலை மட்டும் நமக்குத் தெரிந்தால் போதுமா?

இப்போது இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதைப் பார்ப்போம். தொழிலில் இருப்பவர் தன் உறவுக்காரர்களையும் கூட்டாளிகளையும்தானே சிபாரிசு செய்வார்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்குச் சிபாரிசு என்ற சொல்லே ஒவ்வாது. ஆனால் ஒருநாள் அவர் ஒரு நாயனக்காரர் பெயரைச் சொல்லி, "அவருக்கும் எனக்கும் ஏழெட்டு வருஷமா பேச்சு இல்லை சார். ஆனா அவர் கீரவாணி வாசிச்சா நீங்க கேட்டே ஆகணும்" என்றார். பெயர் போடாததற்குக் காரணம் இதுதான். போய்க் கேட்டேன். அன்று வாசித்தது கீரவாணி அல்ல, சண்முகப்பிரியா. என்றாலும் தவில்காரர் சொன்னதில் பொய்யில்லை. பேச்சு இல்லாத ஆளைப் புகழ்கிறவரை நம்பலாம் என்பது என் அனுபவம்.

இரண்டாவது ஆட்சேபம் என் மகள் சொன்னது. "அப்பா, இதெல்லாம் வேண்டும் என்றால் தானே நிலைக்கும், ஏன் வலுக்கட்டாயமாக ஆள் சேர்க்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் தானாக நிலைக்க விட்டிருக்கிறோமா? இங்கே பல கல்யாணங்களில் நாதஸ்வரத்துக்கு ஆள் வைக்கிறார்கள், பணமும் கொடுக்கிறார்கள். கூடவே கேரளத்திலிருந்து செண்டை மேளம், அதற்கு மேல் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. செண்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் ஊரில், அதன் கோயிலில் அது பெரிய கலை. ஆனால் மூன்றையும் ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் போட்டால் எதையும் யாரும் கேட்க முடியாது. நாயனக்காரர் கெட்டிமேளத்துக்குக் கைகாட்டும் வரை காத்திருக்கும் ஆளாக ஆகிவிடுகிறார். கூலி கிடைக்கிறது, காது கிடைப்பதில்லை.

கூலி கிடைத்தால் போதாதா என்று தவில்காரரிடமே ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன பதில்: "கைதட்ட வேண்டாம் சார். முன்னாடி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் நின்னாப் போதும், கை தானா வேற மாதிரி பேசும். யாரும் நிக்கலைன்னா சும்மா கணக்கு முடிக்கத்தான் தோணும். அப்படியே பத்து வருஷம் வாசிச்சா கையும் அதைத்தான் பழகிக்கும்." அவர் மகன் இரண்டு வருஷம் தவில் பழகிவிட்டு இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. கற்று முடித்து வருகிறவன் யார் முன்னால் வாசிப்பான் என்பதற்குத்தான் ஏற்பாடு இல்லை. அந்தக் குறையை எந்தத் துறையும் தீர்க்க முடியாது. நாம் போய் நிற்பதுதான் வழி.

ஆகவே என் யோசனைகள் மூன்று. எழுத்தர் புத்தி, வரிசை எண் போடாமல் எழுத வராது.

1. கோயில் விழா அழைப்பிதழில் மண்டகப்படிக்காரர் பெயர், உபயதாரர் பெயர், பந்தல் போட்டவர் பெயர் எல்லாம் அச்சாகிறது. "மங்கள இசை" என்று போட்டுவிட்டு யார் என்பதை விட்டுவிடுகிறார்கள். வாசிப்பவர் பெயரும் புறப்பாட்டு நேரமும் போட ஒரு வரி போதும். அச்சுக்கூலி கூடாது.

2. கல்யாண வீட்டார் முகூர்த்தத்துக்கு முன் அரை மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். அந்த அரை மணியை மேளத்துக்குக் கொடுங்கள். அன்று வந்திருக்கும் குழந்தைகளில் ஒன்றாவது தவிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

3. உங்கள் ஊரில் வாசிக்கிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். நாயனம், தவில், பம்பை, பறை, ஓதுவார், யாராக இருந்தாலும் சரி. "நீங்க எப்போ வாசிக்கிறீங்க" என்று கேட்காதீர்கள். அடக்கத்தால் சொல்ல மாட்டார். "இந்த வாரம் நீங்க யாரைக் கேட்கப் போறீங்க" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

என் டைரியில் இந்த வாரத்துக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. ஆவுடையார்கோயில் புறப்பாடு. ஆலங்குடியிலிருந்து அறந்தாங்கி போய் அங்கே பஸ் மாற வேண்டும். திரும்பி வர ராத்திரி பஸ் கிடைக்காது என்று வீட்டில் கவலை. பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வாசலில் எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் வந்தால் அங்கே பார்க்கலாம். கூட்டத்தில் வெள்ளை வேட்டியும் கையில் பழைய டைரியுமாக ஒரு கிழவர் நிற்பார். மல்லாரி முடிகிற வரை மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.