ஆகாயத் தூரமும் அட்டவணை நேரமும்

இலண்டனிலிருந்து பாரிஸுக்கு விமானம் எவ்வளவு நேரத்தில் செல்லும்? மகனை மேற்படிப்புக்கு அனுப்பவிருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் விடுத்த வினா இது. வினா சிறிதெனினும் விடையைச் சற்று விரித்தே கூற வேண்டியுள்ளது.

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்திற்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சென்னை–பெங்களூர் இருப்புப்பாதைத் தூரத்தினும் இது சற்றுக் குறைவே. வானில் செல்லும் காலம் ஒரு மணிக்கு மேற்படாது. ஆயினும் அட்டவணையில் ஒன்றேகால் மணி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகவே காண்கிறோம். விமானம் நிற்குமிடம் விட்டு நகர்ந்தது முதல் மறு நிலையத்தில் வந்து நிற்கும் வரையுள்ள காலம் அது. ஓடுபாதை நோக்கி ஊர்வதும், வரிசையில் காத்திருப்பதும் அதனுள் அடங்கும்.

அடுத்தது கடிகாரக் கணக்கு. பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்திற்கு ஒரு மணி முந்தியது. இலண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு 1 மணி 20 நிமிடம் பயணம் செய்தவர், பாரிஸில் இறங்கும்போது கடிகாரம் பகல் 12.20 காட்டும். மாலை 4 மணிக்கு அங்கிருந்து திரும்பினாலோ இலண்டனில் 4.20 தான்! பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சிடப்படும். நம் நாட்டிலும் 1906-க்கு முன் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வெவ்வேறு நேரங்கள் இருந்தன. இரயில் வண்டிகள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின.

1919 ஆகஸ்டு 25-இல் இலண்டன்–பாரிஸ் தினசரி விமானப் போக்குவரத்து தொடங்கியபோது, பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடித்தது. 1994-இல் திறக்கப்பெற்ற கால்வாய்ச் சுரங்கத்தின் வழியே செல்லும் யூரோஸ்டார் இரயில், இன்று ஏறத்தாழ 2 மணி 20 நிமிடத்தில் நகர நடுவிலிருந்து நகர நடுவிற்கே கொண்டு சேர்க்கிறது. விமான நிலையங்களோ இரு நகரங்களிலும் நடுப்பகுதியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளன. அங்கே செல்லும் நேரம், சோதனை நேரம், பெட்டி பெறும் நேரம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால், விமானத்தில் மிஞ்சும் நேரம் பெரிதன்று.

ஆகவே பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: சீட்டில் ‘இலண்டன்’ என்று கண்ட அளவில் அமையாது, எந்த நிலையம் என்று பாருங்கள். ஹீத்ரோவில் இறங்கிக் காட்விக்கில் விமானம் ஏற வேண்டுமெனில், இடையே அறுபது கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம் உண்டு. இயன்றவரை முழுப் பயணத்திற்கும் ஒரே சீட்டாக வாங்குங்கள். தனித்தனிச் சீட்டெனில், முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறும்போது, பெரும்பாலும் அந்தப் பணம் நம் கையை விட்டே போகும்.