பிரசவ அறையில் மருத்துவச்சிக்கு இடம் வேண்டும்

தமிழ்நாட்டில் ஆயிரம் பிரசவங்களில் 996 மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு தரும் கணக்கு இது. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண்ணும் இருக்கிறது. நூற்றுக்கு 45 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியாரில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. சிக்கலான பிரசவங்கள் அரசுப் பெரிய மருத்துவமனைகளுக்கே வந்து சேர்கின்றன என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும், கட்டணமே வாங்காத இடத்தில் மூன்றில் ஒரு பெண்ணுக்கு மேல் கத்தி படுகிறது என்றால் தனியாரின் பணத்தாசையை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆபரேஷன் கூடினால் தாயின் உயிர் காக்கப்படுகிறது என்ற வாதமும் நிற்கவில்லை. 2018–20 கணக்கில் தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு லட்சத்துக்கு 54. நம்மைவிடச் சிசேரியன் குறைவாக நடக்கும் கேரளத்தில் 19.

மாமல்லபுரத்தை ஒட்டிய கொக்கிலமேட்டிலோ தேவநேரியிலோ இருக்கும் ஒரு பெண்ணின் பேறுகாலத்தைப் பாருங்கள். மாதாமாதம் அவளைப் பார்ப்பவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தருவது, தடுப்பூசி, ரத்தசோகைக்கு மாத்திரை எல்லாம் அவர் பொறுப்பு. வலி எடுத்ததும் அந்தப் பெண் வேறு கைகளுக்குப் போகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று டியூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கு அவள் புதியவள். காய்ச்சல் நோயாளியையும் அவர்தான் பார்க்க வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர். லேசாகச் சந்தேகம் தட்டினாலே 108-ஐ அழைத்துவிடுவதை யார் குற்றம் சொல்ல முடியும்? வண்டி திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடிச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும். மாவட்டத்தின் கடினமான பிரசவங்களெல்லாம் குவியும் அந்த வார்டில், எந்தச் சிக்கலும் இல்லாத இவளும் ஒரு கட்டிலுக்குக் காத்திருப்பாள்.

பிரசவத்துக்கு முதலில் வேண்டியது நேரம். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே வலி முழு வேகம் பிடிக்கிறது என்றும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்பட வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. சொல்வது எளிது. அந்த மணிநேரங்களில் பக்கத்தில் யார் இருப்பது? வயிற்றில் கைவைத்து ஒவ்வொரு வலியும் எத்தனை நொடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறையாவது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக் குறிக்க வேண்டும். நடக்கவிட வேண்டும், கஞ்சியோ தண்ணீரோ கொடுக்க வேண்டும், மல்லாந்து கிடக்க முடியாதவளை ஒருக்களித்தோ குந்தியோ பெற்றுக்கொள்ள விட வேண்டும். பத்துப் பேரை ஒரே நேரத்தில் பார்க்கும் டாக்டருக்கு இது முடியாது. அவரிடம் கேட்கக்கூடாத வேலையும்கூட.

இதற்கென்றே பயின்றவர்தான் தொழில்முறை மருத்துவச்சி. ஒன்றிய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், அனுபவமுள்ள செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி தந்து, பெரிய மருத்துவமனைகளுக்குள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவுகளைத் திறக்கச் சொல்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே, 2017-ல், தெலங்கானா கரீம்நகரில் இதைத் தொடங்கிவிட்டது. சிசேரியன் 60 விழுக்காட்டைத் தாண்டிய மாநிலம் அது, முந்திக்கொண்டதில் வியப்பில்லை.

நமக்கு இது புதிதும் அல்ல. சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியருக்கான பதிவுச் சட்டத்தை 1926-ல் கொண்டுவந்தது. அதே ஆண்டில்தான் இலங்கை, களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி மருத்துவ மாதுகளை, அதாவது மருத்துவச்சிகளை, வீடுவீடாக அனுப்பியது. அவர்கள் அந்தப் பணியைக் கலைக்கவில்லை. இங்கோ 1970-களில் துணைச் செவிலியரை, அதாவது இன்றைய கிராம சுகாதார செவிலியரை, பல்நோக்குப் பணியாளராக்கினோம். குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு, தடுப்பூசி, பதிவேடு, இப்போது கணினிப் பதிவு என்று ஏற்றிக்கொண்டே போனதில் பிரசவம் பார்க்கும் கை அவரிடமிருந்து நழுவிவிட்டது. இலங்கையிலும் இன்று சிசேரியன் கூடிவருகிறது. ஆனாலும் அங்கே பேறுகால இறப்பு லட்சத்துக்கு 30 அளவுக்கு இறங்கியதில் அந்த மாதுகளின் பங்கு பெரிது.

மருத்துவர்களின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. இயல்பாகப் போய்க்கொண்டிருக்கும் பிரசவம் சில நிமிடங்களில் தடம் மாறும்; குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணிநேரத்தில் உயிர் போகலாம். அதனால்தான் மருத்துவச்சிப் பிரிவு ஆபரேஷன் அறையும் ரத்த வங்கியும் உள்ள அவசரப் பிரசவ சிகிச்சை (சீமாங்) மையத்தின் கூரைக்கடியில் இருக்க வேண்டும் என்கிறோம். வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. திருப்பூரில் 2018-ல் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பெற முயன்ற ஒரு பெண் இறந்தது நினைவிருக்கிறது. அப்போது கிளம்பிய கோபம் நியாயமானது. ஆனால், மருத்துவமனை என்றாலே கத்தி என்ற பயம் படித்தவர்களிடமும் ஏன் வேரூன்றியது என்று அன்று யாரும் கேட்கவில்லை. முதல் சிசேரியன் அடுத்த கர்ப்பத்தின் ஆபத்தையும் கூட்டுகிறது. பழைய தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டால் கருப்பையையே எடுக்க வேண்டிவரும்.

செங்கல்பட்டில் இதைத் தொடங்கத் தடை ஏதுமில்லை. மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செவிலியர் கல்லூரி இருக்கிறது, பிரசவங்களுக்கும் குறைவில்லை. சிக்கலில்லாத தாய்மாரைப் பிரித்தெடுத்து மருத்துவச்சிகளிடம் விட வேண்டும். அவர்களில் சிலர் முறைவைத்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கோவளம் பகுதிகளின் கர்ப்பிணிப் பரிசோதனை நாட்களுக்குப் போனால், வலி எடுத்து வரும் பெண்ணுக்குத் தெரிந்த முகம் ஒன்று வார்டில் இருக்கும்.

உண்மையான சிக்கல் நியமன ஆணையில் இருக்கிறது. பயிற்சி முடித்தவரை ஆறு மாதத்தில் காய்ச்சல் வார்டுக்கோ தீவிர சிகிச்சைக்கோ மாற்றிவிட்டால் செலவழித்த 18 மாதமும் வீண். பிரசவ வார்டைவிட்டு மாற்றக் கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் தனிப் பணிநிலையும் அதற்கேற்ற ஊதியமும், எந்த மருந்தை அவரே தரலாம், எப்போது டாக்டரை அழைத்தே தீர வேண்டும் என்ற எழுத்துபூர்வ வரையறை, விதிப்படி நடந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகிய நான்கும் ஒரே அரசாணையில் வர வேண்டும். அடுத்த நிதியாண்டுக்கு முன் சுகாதாரத் துறை அதை வெளியிட வேண்டும். கூடவே செங்கல்பட்டுப் பிரிவில் நடக்கும் சுகப்பிரசவம், சிசேரியன், அனுப்பிவைப்பு எண்ணிக்கைகளை மாதாமாதம் பொதுவில் வைக்கவும் வேண்டும்.