மடியிற் படைக்கு மயிற்பீலி எதற்கு?

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டொன்று புறநானூற்றிலே தொண்ணூற்றைந்தாவதாக அமைந்திருக்கிறது. தமிழ் கற்றார் யாவரும் அதனை அறிவர். தொண்டைமானின் வேல்கள் நெய் பூசப்பெற்று, பீலியும் மாலையும் சூடி, காவல் மனையிலே கண்ணுக்கு இனியனவாய் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையிலே கிடந்தன. புகழ்வார் போலப் பழித்தும், பழிப்பார் போலப் புகழ்ந்தும் அம்மூதாட்டியார் சொல்ல வந்தது, படைக்கலத்தின் அழகு அதன் பயனுக்குச் சான்றாகாது என்பதே. வகுப்பிலே இப்பாட்டைக் கற்பிக்கும் நாம், ‘வஞ்சப் புகழ்ச்சி’ என்று பெயர் சொல்லி, மாணவர் அதனை எழுதிக்கொண்டதும் அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுகின்றோம். அப்பாட்டு எழுப்பும் வினா இன்றைக்கும் உயிருள்ளது என்பதை யான் எடுத்துக்காட்ட விரும்புகின்றேன்.

வினா இதுதான். ஒருவன் தன் உயிர்க்காவலுக்காக உடைக்குள்ளே மறைத்துக்கொண்டு செல்லும் கைத்துப்பாக்கியைத் தெரிந்தெடுக்குங்கால், பயனைப் பார்க்க வேண்டுமா, தன் விருப்பைப் பார்க்க வேண்டுமா? தமிழ்ப் பண்டிதனுக்கும் கைத்துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று நகைப்போர் நகைக்கலாம். படையைப் பற்றிப் பேசுதல் தமிழுக்குப் புதிதன்று. புறத்திணை முழுவதும் வேறு எதைப் பற்றியது?

இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து, எம்மிடம் தமிழ் கற்று, இப்பொழுது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்கு வந்திருந்தார். இரவிலே கடை பூட்டிப் பணத்தோடு வீடு திரும்புகின்றவர். அம்மாநிலத்திலே 2021 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து, சட்டத் தடை ஏதுமில்லாத இருபத்தொரு வயதினர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு செல்லலாம். அவர் தம் கைப்பேசியிலே இரண்டு துப்பாக்கிகளின் படத்தைக் காட்டினார். ஒன்று சிறியது, கருநிறமானது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது. மற்றையது பெரியது, வெள்ளிபோல் மின்னும் மேனி, முத்துச்சிப்பிப் பிடி.

“ஐயா, இத கையில எடுத்தா மனசு நெறையுதுங்க. பிடியில ஒரு தமிழ் வரி வெட்டலாம்னு இருக்கேன். நீங்கதான் எழுதித் தரணும்” என்றார்.

“தம்பி, அந்த வரியை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார், விடை சொல்லவில்லை. வரி எழுதிக் கொடுக்க யான் இசையவுமில்லை.

யான் கேட்டது விளையாட்டுக்கன்று. அணி என்பது பிறர் காண்பதற்காகவே உள்ளது. காணப்படாத அணி அணியாகாது. மறைத்துச் செல்லும் படையோ, ஒருவர் கண்ணிலும் படாதிருத்தலையே தன் முதல் இலக்கணமாக உடையது. ஆகவே அணிசெய்யப்பட்ட மறைபடை என்பது தன்னோடு தானே மாறுகொள்ளும் பொருள். அதனை வாங்குகின்றவன் உள்ளத்தின் ஒரு மூலையிலே, அது என்றாவது ஒருநாள் வெளியே வர வேண்டும், நாலுபேர் காண வேண்டும் என்னும் ஆசை ஒளிந்திருக்கிறது. அந்த ஆசைக்குத்தான் யான் அஞ்சுகின்றேன். இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கத் தளபதி பாற்றன் தந்தப் பிடியமைந்த றிவோல்வரை இடையிலே அணிந்து திரிந்தார். அவர் அதனை மறைக்கவில்லை. படைஞர் கண்டு ஊக்கங்கொள்ளட்டும் என்றே வெளிப்பட அணிந்தார். அஃது ஒரு கொடி போன்றது. கொடிக்கு அழகு வேண்டும். மடியில் இருப்பதற்கு வேண்டியதில்லை.

வேண்டுவன யாவை? அறிந்தோர் சொல்லுவன எல்லாம் சுவையற்ற செய்திகளே. றிவோல்வரின் உருளை பருத்தது. ஆகவே இடுப்பிலே புடைத்துக் காட்டும். பிஸ்டல் தட்டையானது, எளிதில் மறையும். ஆனால் றிவோல்வரின் அமைப்பு எளியது. பதற்றத்திலே நடுங்கும் கைக்கு விசையை இழுப்பதன்றி வேறு வேலை வைக்காது. பிஸ்டலுக்கோ மேற்றகட்டைப் பின்னிழுத்துக் குண்டேற்ற வேண்டும். அதற்குக் கைவலியும் பழக்கமும் வேண்டும். பின்புறத்திலே கொக்கிபோல் நீட்டி நிற்கும் சுத்தியற் பகுதி, உருவும்போது சட்டையிலே சிக்கும். அதற்காகவே அப்பகுதியை உள்ளே மூடி அமைத்த சிறு றிவோல்வர்களும் உள. உடம்போடு ஒட்டிக் கிடப்பதாலே வியர்வை பட்டுச் சாதாரண உருக்குத் துருப்பிடிக்கும். எங்கள் மலைநாட்டு ஈரத்திலே சொல்லவே வேண்டாம். விசையை முழுதும் மூடும் உறுதியான உறை இல்லாவிடின், எவ்வளவு சிறந்த துப்பாக்கியும் உடையவன் தொடையிலேயே வெடிக்கக்கூடும்.

சிறியதே சிறந்தது என்று எண்ணுவாரும் உளர். அதுவும் முழுவுண்மையன்று. மிகச் சிறியதும் இலேசானதும் மறைப்பதற்கு எளிது, சுடுவதற்கு அரிது. பாரம் குறையக் குறையப் பின்னுதைப்பு மிகும். குழல் குறுகக் குறுகக் குறி பார்ப்பது கடினமாகும். ஆகவே மறைத்தற்கு ஏற்ற அளவும் கையாளுதற்கு ஏற்ற அளவும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே தன் உடம்பு, தன் உடை, தன் தொழில் ஆகியவற்றை நோக்கி ஓரிடத்திலே நிற்பதுதான் தெரிவு. இந்த இழுபறியிலே மூன்றாவதாக முத்துச்சிப்பியும் வந்து நின்று தன் பக்கம் இழுக்குமானால், முடிவு என்னாவது? வழுவழுப்பான சிப்பிப் பிடி ஈரக்கையிலே நழுவும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ‘தனக்குப் பிடித்ததைத்தான் ஒருவன் நாள்தோறும் எடுத்துச் செல்வான், பிடித்ததைக் கொண்டுதான் பயிற்சி செய்வான். பிடிக்காதது மேசை இழுப்பறையிலே உறங்கும். உறங்கும் துப்பாக்கி யாரைக் காக்கும்?’ என்பர். இதிலே பாதி உண்மை. விருப்பு என்பது இருவகை. ஒன்று கைவிருப்பு, மற்றொன்று கண்விருப்பு. பிடி உள்ளங்கையிலே அடங்குகிறதா, விரல் விசைக்கு எட்டுகிறதா, இழுப்பு மிகக் கடினமா என்பனவெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுவன. சிறிய கையுடைய பெண்ணொருத்திக்கு உகந்தது, பருத்த கையுடைய அவள் கணவனுக்கு உகவாது. இக்கைவிருப்பைத் தன் சுவை என்று அவன் கூறிக்கொண்டாலும், உண்மையிலே அது பயனின் ஒரு பகுதியே. அதற்கு முழு இடமும் கொடுக்கலாம். கண்விருப்புக்கு அவ்வுரிமை இல்லை. ஏடெழுதிய காலத்து எழுத்தாணியை நினைத்துப் பாருங்கள். கண்டி அரசர் பரிசாகக் கொடுத்த வெள்ளி வேலைப்பாட்டு எழுத்தாணிகள் நூதனசாலைகளிலே இருக்கின்றன. நம் ஊர்க் கணக்கப்பிள்ளை மடியிலே செருகியது மடக்கெழுத்தாணி. அதன் பிடி அவர் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அந்தத் தேய்வே அவருக்கு உகந்த அழகு.

கண்விருப்பின் பொருட்டு ஓர் அரசே ஏமாந்த கதை இந்தியாவிலே நடந்தது. டில்லியிலே 2012 டிசெம்பரிலே ஓடும் பேருந்தில் ஓரிளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை உலகம் அறியும். பத்திரிகைகள் அவளுக்கு ‘நிர்பயா’ என்று பெயரிட்டன. கான்பூரிலுள்ள அரசின் ஆயுதத் தொழிற்சாலை, பெண்களின் காவலுக்கென்று 2014 ஜனவரியிலே ‘நிர்பீக்’ என்னும் றிவோல்வரை வெளியிட்டது. அச்சமற்றது என்பதே அப்பெயரின் பொருள். .32 அளவு, தைத்தேனிய உலோகக் கலப்பு, நிறை ஏறக்குறைய 500 கிராம். கைப்பையிலே வைக்கத்தக்க இலேசு. இம்மட்டும் பயனை எண்ணிச் செய்ததுதான். குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதனை நகைப்பெட்டி போன்ற செந்நிறப் பேழையிலே வைத்து விற்றனர். விலை 1,22,000 இந்திய ரூபாவுக்கு மேல்! இரவிலே பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண் யார்? ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்துப் பேழை வாங்கக் கூடியவள் காரிலே அல்லவா செல்வாள்? பெண்ணுக்கென்றால் நகைப்பெட்டி வேண்டும் என்று எண்ணியவர் எவரோ, அவர் அச்சத்தையும் ஆபரணத்தையும் ஒரே தட்டிலே வைத்துவிட்டார். யாருக்காகச் செய்ததாகச் சொன்னார்களோ, அவளுக்கு எட்டாத பொருளாயிற்று அது.

வடஇந்தியாவிலே கலியாண ஊர்வலத்திலே வானத்தை நோக்கிச் சுடும் வழக்கமும் இந்தக் கண்விருப்பின் குழந்தையே. மேலே சென்ற குண்டு கீழே இறங்கி விருந்தினர் உயிரைக் கவர்ந்த செய்திகள் பல. 2019 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம் அதனைத் தண்டத்துக்குரிய குற்றமாக்கி, இரண்டாண்டு வரை சிறை விதித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். அணிசெய்த படைக்கும் பயன்படும் படைக்கும் உள்ள வேற்றுமையை இம்மலைநாட்டு வரலாறே காட்டும். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி ஒன்றை லெவுகே திசாவை என்பார் 1745 அளவிலே கண்டி மன்னருக்குக் காணிக்கையாக்கினார். அப்போது அரியணையில் இருந்தவர் நாயக்கர் மரபின் முதல்வர் ஸ்ரீ விஜய ராஜசிங்கர். ஒல்லாந்தர் 1765 இலே கண்டியைக் கொள்ளையிட்டபோது அது கடல் கடந்தது. 2023 டிசெம்பரிலேதான் கொழும்பு நூதனசாலைக்குத் திரும்பி வந்தது. அது சடங்குக்குரிய பீரங்கி. அரசவையிலே காண்பதற்கென்றே செய்யப்பட்டது. காணும் பொருளாகவே வாழ்ந்தது. அதனால் அதன் அழகு பழுதன்று.

அதே நாட்டின் குடியானவனுடைய துவக்கு வேறு வகை. பன்றியும் யானையும் வயலுக்குள் இறங்கும் ஊரிலே அது மண்வெட்டியோடு சேர்த்து எண்ணத்தக்க கருவி. 1848 இலே டொரிங்டன் தேசாதிபதி நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி போட்டதோடு, துவக்குக்கும் ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் விதித்தார். மாத்தளையிலே கிளர்ச்சி மூண்டதற்கு அதுவும் ஒரு காரணம். குடியானவனுடைய அழகுப் பொருளுக்கு வரி விதித்திருந்தால் அவன் அதனை விற்றுவிட்டு இருந்திருப்பான். பயிர்க்காவலுக்கு வரி விதித்தமையாலேதான் புரன் அப்புவின் பின்னே திரண்டான். இன்றைக்கும் வில்கமுவையிலோ லக்கலையிலோ கச்சேரி அனுமதியோடு இருக்கும் துவக்குகளைப் பாருங்கள். கட்டை பிளந்து கம்பி சுற்றியிருக்கும், மெருகு போயிருக்கும். கொல்லன் பட்டறையை அறிந்த படை அது.

கைத்துப்பாக்கி அவ்வாறன்று. பன்றிக்கும் யானைக்கும் அது பயன்படாது. அது மனிதனை நோக்கியே செய்யப்பட்டது. ஆதலால் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ், தற்காப்புக்கென அதனை வேண்டுவோர் பாதுகாப்பு அமைச்சின் முன் தமக்குள்ள அச்சத்தை மெய்ப்பிக்க வேண்டியவராயினர். அவ்வாறு பெற்றவருள் எத்தனைபேர் உண்மையான அச்சத்தாற் பெற்றனர், எத்தனைபேர் பெருமைக்காகப் பெற்றனர் என்பதை ஊரார் அறிவர். சட்டையைச் சற்றே விலக்கிக் காட்டும் பெரியமனிதரை நாம் கலியாண வீடுகளிலே கண்டதில்லையா? அமைச்சு, தான் வழங்கிய தற்காப்புத் துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7 ஆந் திகதிக்குள் திருப்பி ஒப்படைக்கும்படி பணித்தபோது, பலர் துயருற்றது உயிருக்கு அஞ்சியா, பெருமை போனதற்கு வருந்தியா என்பதை அவரவர் நெஞ்சமே சொல்லட்டும்.

மறைத்தல் என்னும் செயலையே சிலர் இழிவென்பர். அதற்கும் காரணம் உண்டு. திருக்கோவலூரிலே மெய்ப்பொருள் நாயனாரைக் கொன்ற முத்தநாதன் கத்தியைப் புத்தகக் கட்டுக்குள் மறைத்துச் சென்றான். தொழுத கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும் என்று வள்ளுவர் கூடா நட்பிலே எச்சரித்தார். 1948 ஜனவரி 30 இலே காந்தியடிகள் முன் அது நடந்தது. 1959 செப்டெம்பர் 25 இலே கொழும்பு ரொஸ்மீட் பிளேசிலே பிரதமர் பண்டாரநாயக்கா, வந்தவர் துறவி என்று வணங்கியபோது, அவருடைய சீவரத்துக்குள்ளிருந்து றிவோல்வர் வெளிவந்தது. வஞ்சகனும் மறைக்கிறான், காவல் வேண்டுவோனும் மறைக்கிறான். இருவருக்கும் வேற்றுமை என்ன? வஞ்சகன் வெளியே எடுக்கும் நேரத்தை எண்ணி மறைக்கிறான். நல்லவன் எடுக்க நேரக்கூடாதே என்று மறைக்கிறான். அருகிலிருக்கும் குழந்தையும் கிழவியும் அஞ்சக்கூடாதே என்றும் மறைக்கிறான். அவன் மறைப்பு ஒருவகை நாகரிகம். அந்நாகரிகமுடையவன் மின்னும் உலோகத்தைத் தேடமாட்டான்.

அந்த மாணவருக்கு ஐந்து வயதிலே ஒரு மகன் இருக்கிறான். மின்னுவதைக் கண்டால் குழந்தை எடுத்துப் பார்க்கும். கருநிறமானதையும் எடுத்துப் பார்க்கும். ஆகவே எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன்னே, அது இரவிலே எந்தப் பெட்டியில் பூட்டப்படும், திறவுகோல் யார் கையில் இருக்கும், குண்டுகள் எங்கே வைக்கப்படும் என்பவற்றை முடிவுசெய்யும்படியும், கடைப் பணத்தை இரவிலே கொண்டு செல்லாமல் பகலிலே வங்கியிற் சேர்க்க வழியுண்டா என்று பார்க்கும்படியும் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கின்றேன்.