முதலில் பசியாறுங்கள்

இந்நாட்டுத் தமிழர்களாகிய நாம் காலையில் ஒருவரை ஒருவர் கண்டால் கேட்கும் முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். காலை உணவுக்கே அப்பெயரை வைத்திருக்கிறோம். ஆனால், உணவியல் ஆலோசகரான என்னைத் தேடி வருவோரில் பலர், பசியாறுவதையே ஒரு குற்றமாக எண்ணுகின்றனர். அந்த அச்சத்தை வளர்த்ததில் என் போன்றோருக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

நிலைமை மோசம் என்பதை நான் மறுக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு. நம் வீடுகளில் 'இனிப்பு நீர்' இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பதற்றத்தில்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பட்டியல் அச்சடித்து வைத்திருந்தேன். உண்ணக்கூடியவை பச்சையில், கூடாதவை சிவப்பில். சோறு, தோசை, நாசி லெமாக், ரொட்டி சானாய் எல்லாம் சிவப்பு. பச்சையில் ஓட்ஸும் வெள்ளரிக்காயும். (அதைக் கொடுத்துவிட்டு நான் மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டது வேறு கதை.)

ஐம்பது வயதைக் கடந்த அம்மா ஒருவர் அப்பட்டியலை வாங்கிச் சென்றார். அடுத்த முறை வந்தபோது, உண்டதையெல்லாம் அழகான கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்திருந்தார். ஒரு நாள்கூடத் தவறில்லை. ஆனால், இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு முன்பைவிட ஏறியிருந்தது. நான் ஆசிரியை போல் அதட்டினேன். அவர் தலைகுனிந்து, "எழுதினா நீங்க திட்டுவீங்கன்னு எழுதலம்மா" என்றார்.

அன்றுதான் பட்டியலை மூடிவைத்துவிட்டு, "உங்களுக்குப் பிடித்த சாப்பாடு எது?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அதற்கு முன் நான் யாரிடமும் கேட்டதில்லை. பகலெல்லாம் பிஸ்கட்டும் சீனி போடாத தேநீருமாகக் கழித்துவிட்டு, எல்லாரும் தூங்கிய பின் சமையலறையில் நின்றபடியே, மீந்த சோற்றைக் குழம்போடு பிசைந்து சாப்பிடுவதாகச் சொன்னார். விளக்கைக்கூடப் போடுவதில்லையாம்.

இது மன உறுதி இல்லாதவர் கதை அன்று. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலம் மிக்க 36 ஆண்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். நாளடைவில் அவர்கள் பேச்சும் நினைப்பும் உணவாகவே ஆயின. சிலர் சமையல் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினர். கட்டுப்பாடு நீங்கியதும், வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் உண்டவர்கள் உண்டு. பட்டினி போட்டால் உடலும் மனமும் உணவையே துரத்தும். விடுதியில் ஒரு வாரம் சோற்றை ஒதுக்கிவிட்டு, வெள்ளி இரவு இரண்டு பொட்டலம் மீ கோரேங்கை முடித்துவிட்டுத் தன்னையே நொந்துகொள்ளும் தம்பி தங்கைகளுக்கு இது புரியும்.

ஆகவே, எதை வேண்டுமானாலும் அளவின்றி உண்ணலாம் என்கிறேனா? இல்லை. சோறு சர்க்கரையை ஏற்றும் என்பது உண்மை, அளவு முக்கியம். நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையில் தட்டில் கால் பங்கு சோற்றுக்கு இடமிருக்கிறது. கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். அந்தக் கால் பங்கை உட்கார்ந்து, வெளிச்சத்தில், மற்றவர்களோடு உண்ணலாம் என்று சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அதிலும் இன்சுலினும் சிலவகை நீரிழிவு மாத்திரைகளும் எடுப்போர் வேளை உணவைத் தவிர்த்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வேண்டுகோள். அம்மா தட்டில் கைவைக்கும்போதெல்லாம், "சீனி ஏறப்போகுது" என்று காவல்காரர் போல் நிற்காதீர்கள். அவர் உண்பதை நிறுத்த மாட்டார். உங்கள் கண்முன் உண்பதைத்தான் நிறுத்துவார்.

அந்த அம்மா இப்போது காலையில் இரண்டு தோசையும் சாம்பாரும் முட்டையும் சாப்பிடுகிறார். அவருடைய சர்க்கரை அளவு மெல்லத்தான் இறங்குகிறது. இலக்கை இன்னும் தொடவில்லை. நோட்டுப் புத்தகம் முன்போல் அழகாக இல்லை, அடித்தல் திருத்தல் நிறைய. சென்ற முறை ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "கல்யாண வீடு. லட்டு இரண்டு. நல்லா இருந்துச்சு."