சேர்க்கும் கரங்களும் ஒரு வரமே

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 8:1–21



ஒவ்வொரு ஓய்வுநாள் பாடசாலையிலும் இப்படி ஒரு பிள்ளை உண்டு. மனப்பாட வசனத்தில் தடுமாறும். ஆனால் கீதபவனி என்றால், எந்த லைனுக்கு முதலில் செல்வது, விளக்கை யார் பிடிப்பது, காணிக்கைப் பெட்டியை யார் சுமப்பது என்று அதுவே நியமித்துவிடும். அத்தகைய சிறுவன் ஒருவனை "அதிகப்பிரசங்கி" என்று நான் ஒருமுறை கடிந்துகொண்டேன். அன்றிரவு மார்கழிப் பனியில் தோட்டமெங்கும் சுற்றித் திரும்பியபின், பெட்டியிலிருந்த ஒவ்வொரு நாணயத்தையும் என் முன்பாக எண்ணி, தாளில் எழுதி, கையொப்பம் கேட்டவன் அவனே. என் வார்த்தைக்காக வெட்கப்பட்டேன்.

நாம் பிரசங்கிகளுக்காக ஜெபிக்கிறோம், பாடகர்களுக்காக ஜெபிக்கிறோம். பிறருக்காகக் கை நீட்டிச் சேர்க்கிறவர்களுக்காக ஜெபிக்கிறோமா? வரங்களின் வரிசையில் "ஆளுகைகள்" என்பதையும் பவுல் சேர்த்திருக்கிறார் (1 கொரிந்தியர் 12:28). அதன் மூலச் சொல் கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பதைக் குறிக்கும். திசை தெரிந்து பலரை ஒன்றாய் நடத்துவதும் ஆவியானவரின் ஈவே.

வேலூரை நினைத்துப் பாருங்கள். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், சிறுவயதில், பஞ்சத்தில் வாடிய பிள்ளைகளுக்கு ரொட்டி ஊட்டியவர். ஊட்டிய அந்தக் கை பின்னாளில் கேட்கவும் கற்றுக்கொண்டது. மருத்துவப் பட்டம் பெற்றபின், வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பணியை அமெரிக்காவில் மேற்கொண்டார். ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். 1902-இல் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைய சி.எம்.சி. அந்த வேரில் வளர்ந்த மரம்.

ஆனால் சேர்ப்பது பாதி ஊழியமே. எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டிய பவுல், அதைத் தனியே சுமக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் உடன் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் பழுதின்றி நடக்கவேண்டும் என்பதே அவருடைய கரிசனை. அப்போஸ்தலனுக்கே சாட்சிகள் தேவையென்றால், நமக்கு எத்தனை அதிகமாய்த் தேவை!

நம் மலையில் பச்சைத் தேயிலைக்கு விலை விழும்போதும், நோயாளிக்காக ஒரு குடும்பம் கோயம்புத்தூருக்கு அலையும்போதும் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கூலிக்காரரே. மக்கெதோனியரைப் போலத் தரித்திரத்திலிருந்து கொடுக்கிறார்கள். ஒருநாள் கூலியைக் கொடுத்த சகோதரிக்குக் கணக்குச் சொல்லாதிருப்பது அவளுடைய விசுவாசத்தைக் காயப்படுத்துவதாகும். அடுத்த ஏழைக்கு அவள் கை திறவாமற்போனால், அந்தக் குற்றம் யாருடையது?

ஆகவே, பெற்றோரே, மேய்ப்பர்களே, ஒழுங்குபடுத்தத் துடிக்கும் பிள்ளையை அடக்காதிருங்கள். அதன் கையில் பெட்டியைக் கொடுங்கள்; கூடவே ஒரு கணக்குப் புத்தகத்தையும் கொடுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளில் நீர் வைத்த வரத்தை நாங்கள் அற்பமாய் எண்ணியதை மன்னியும். கேட்கத் துணிவையும், கணக்கொப்புவிக்க உண்மையையும் அவர்களுக்குத் தாரும். ஆமென்.