தைராய்டு வேறு கணக்கு, தட்டு வேறு கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரம். நானும் என் மனைவியும் துய்ப்ளே சிலை வரை போய்த் திரும்பி, காந்தி சிலையை நெருங்கிக்கொண்டிருந்தோம். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த பழைய அலுவலக நண்பர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் சார், அம்மாவைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க? தைராய்டு உடம்பு நடந்தா இளைக்குமா? அது அப்படித்தான் இருக்கும், விடுங்க."

நாலடி நடப்பதற்குள் என் மனைவிக்குத் தெரிந்த அம்மாள் ஒருத்தர் எதிரே வந்தார். அவர் சொன்னது நேர் எதிர். "வாயைக் கட்டினா போதும்மா, தைராய்டு தானா போயிடும். மாத்திரையே வேணாம்."

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரண்டு பேச்சையும் ஒரு காலத்தில் நானே பேசியிருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன். வாசக நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2009இல் எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. என் மனைவிக்கு வயது 54. இரண்டே வருடத்தில் 64 கிலோவிலிருந்து 74 கிலோவுக்கு வந்திருந்தாள். மத்தியானம் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பாள். கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வாள். எங்கள் வீட்டில் அந்த மின்விசிறிக்காக நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமாகும். "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கினா உடம்பு வைக்காம என்ன செய்யும்?" என்று நான் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. மருமகள் எதிரிலும் கேட்டிருக்கிறேன்.

குரலும் மாறிப்போயிற்று. காரைக்காலிலிருந்து அவள் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டவன், "மாமா, அக்காவைக் கூப்பிடுங்க" என்றான். பேசிக்கொண்டிருந்ததே அக்காதான். அன்றைக்கும் சிரித்தோம்.

கடைசியில் மலச்சிக்கலுக்காகப் போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார. டி.எஸ்.எச். 62 என்று வந்தது. 4, 5 வரை இருக்கலாம் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருந்தது. நான் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தவன். ஒரு கோப்பு இரண்டு நாள் மேசையில் கிடந்தால் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். இந்தக் கோப்பு இரண்டு வருடம் என் வீட்டிலேயே கிடந்தது. நான் அதன் மேல் "சோம்பேறித்தனம்" என்று குறிப்பெழுதி மூடி வைத்திருந்தேன்.

நான் படித்தது பிரெஞ்சில். எங்கள் கணக்கு முசேவுக்குக் கோபம் வந்தால் "எஸ்பேஸ் தெ கிரெத்தேன்!" என்று கத்துவார். மண்டு என்று அர்த்தம். நாங்களும் விளையாட்டில் ஒருவரை ஒருவர் அப்படியே திட்டிக்கொண்டோம். அது ஒரு நோயின் பெயர் என்று எனக்குத் தெரிந்தது அறுபது வயதுக்கு மேல். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் இல்லாததால், தைராய்டு சரியாக வேலை செய்யாமல், வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு அங்கே வழங்கிய பெயர் அது. அந்த அயோடினைக் கடற்பாசிச் சாம்பலிலிருந்து 1811இல் முதலில் கண்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர், கூர்த்துவா. ஒன்பது வருடம் கழித்து ஜெனீவாவில் குவாந்தே என்ற டாக்டர் அதைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். மருந்து வந்து இருநூறு வருடம் ஆகியும் திட்டு போகவில்லை. என் முசேவைக் குறை சொல்லி என்ன பயன்? நான் தமிழில் அதையேதான் செய்தேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

அரசாங்கக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தலைப்பு உண்டு. பயணப்படியில் எழுத வேண்டியதை எழுதுபொருளில் எழுதினால் தணிக்கைக்காரர் விடமாட்டார். தைராய்டு விஷயத்தில் நம் ஊரில் நடப்பது முழுக்க இந்தத் தப்புதான். ஒரு கூட்டம் சுரப்பியின் செலவைத் தட்டின் தலைப்பில் எழுதுகிறது. இன்னொரு கூட்டம் தட்டின் செலவைச் சுரப்பியின் தலைப்பில் எழுதுகிறது.

சுரப்பி மந்தமானதால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவிலிருந்து நாலு, நாலரை கிலோ. அதிலும் பெரும்பங்கு உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். மாத்திரை சரியான அளவில் சேர்ந்தால் அது இறங்கும். மீதி எடை மாத்திரையால் இறங்காது. என் மனைவிக்கு 25 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்த்து, 75இல் நிறுத்தினார்கள். டி.எஸ்.எச். 3க்கு வந்தது. மின்விசிறி மறுபடி சுற்றியது. குரல் திரும்பியது. எடை 74இலிருந்து 71. அவ்வளவுதான். அந்த 71இலேயே ஒன்றரை வருடம் நின்றது.

"மாத்திரை வேலை செய்யல" என்றாள் அவள். நானும் தலையாட்டினேன். மாத்திரை தன் மூன்று கிலோவைச் செய்து முடித்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பவுடர் எங்களிடம் வந்தது. விற்றவர் தூரத்து உறவு. டப்பா 1,800 ரூபாய். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் கரைத்துக் குடிக்க வேண்டும், "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினாத்தான் இது பிடிக்கும்" என்றார். முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கியது. ராத்திரிப் பட்டினி கிடந்தால் யாருக்கும் இறங்கும். மூன்றாவது மாதம் காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருந்தது. செருப்பு காலுக்குள் போகவில்லை. பூசை அறையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிச் சாய்ந்து, குத்துவிளக்கு சரிந்து, புடவை முந்தானையில் தீ பிடித்தது. நான் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வாசனைதான் என்னைக் கூப்பிட்டது. கையில் காயத்தோடு போயிற்று. அன்றைக்கு டி.எஸ்.எச். 48.

நிறுத்தக் கூடாத மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் உறவாக இருந்தாலும், நட்பாக இருந்தாலும், வாசலோடு அனுப்புங்கள். அவர் விற்பது மூலிகையா, பவுடரா, பானமா என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். "ஆயுசு முழுக்க மாத்திரையா?" என்று பயமுறுத்துவார்கள். 1891இல் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரில் மரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டைப் பிழிந்த சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் அதன் துணையோடு இன்னும் 28 வருடம் இருந்தார். அதற்கு முன் இந்த நோய் முற்றியவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமே கிடையாது. நமக்கு நாலு ரூபாய்க்குள் கடுகளவு மாத்திரை கிடைக்கிறது. சலித்துக்கொள்கிறோம்.

முட்டைக்கோஸ் தொடாதே, முள்ளங்கி தொடாதே என்று ஒரு பட்டியல் எல்லார் கைப்பேசியிலும் சுற்றுகிறது. வேகவைத்த கோஸ் வாரம் இரண்டு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அயோடின் சேர்த்த உப்பு நம் வீட்டில் வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. இன்றைக்குப் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு மந்தம் பெரும்பாலும் அயோடின் குறைவால் வருவதல்ல, உடம்பின் காவல்காரனே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் விவரித்த நோய். அதற்கு உப்பைக் கூட்டி என்ன செய்ய? கோஸுக்குப் பயந்த நாங்கள் உண்மையில் பயப்பட வேண்டியதைச் செய்துகொண்டிருந்தோம். மாத்திரையைப் போட்ட கையோடு டிகிரி காபி, அதன் பின்னாலேயே கால்சியம் மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி கூடாது. கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் நாலு மணி நேரம் தள்ளி.

இன்னொரு கெட்ட பழக்கமும் கேள்விப்படுகிறேன். சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று தாமாகவே ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வது. நம் வயதில் அது நெஞ்சுத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை அரிக்கும். இளைத்த உடம்போடு இடுப்பெலும்பு முறிந்து படுப்பதற்கு இளைக்காமலே இருக்கலாம்.

சரி, அந்த 71? அதைத் தட்டின் தலைப்பில் எழுத வேண்டியிருந்தது. 2013 பொங்கல் கழித்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் செலவாகியிருந்தது! ஆளுக்கு ஐந்து காபி, காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதாவது ஐம்பது கிராம், இருநூறு கலோரி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தால்தான் அது கரையும். நாங்களோ அரை மணி நடந்துவிட்டு வரும் வழியில் ஆளுக்கு இரண்டு வடை தின்றுகொண்டிருந்தோம்.

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் அவளுக்கு மட்டும் பத்தியம் என்பது நடக்காத காரியம். முதல் ஆறு மாதம் என் மனைவி எனக்கு வஞ்சிர வறுவலும் அப்பளமும் செய்து வைத்துவிட்டு, அவளுக்குக் கோதுமைக் கஞ்சி வைத்துக்கொண்டாள். என் தட்டில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அவளே தின்றாள். எடை அசையவில்லை. நானும் அதே தட்டுக்கு வந்த பிறகுதான் அசைந்தது. இரண்டு குழிக்கரண்டி சோறு, அதைவிட அதிகமாகக் காய், மீன் என்றால் குழம்பில், சாயங்காலம் சுண்டலோ அவித்த முட்டையோ. எண்ணெய் ஒன்றேகால் லிட்டருக்கு வந்தது. ரொட்டிக்கடை வாசனை வரும் தெருவை மட்டும் நான் இன்றும் வேகமாகக் கடக்கிறேன். அது பால்ய காலத்து வியாதி.

நடை பத்து நிமிடத்தில் தொடங்கியது, அதற்கு மேல் அவள் முட்டி விடவில்லை. இப்போது நாற்பது நிமிடம், வாரம் ஐந்து நாள். நடை மட்டும் போதாது என்று பிசியோதெரபிக்காரப் பெண் சொல்லிக் கொடுத்ததால், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்கிறாள். முதல் நாள் நாலுக்கு மேல் முடியவில்லை. 71, 64 ஆக இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மாதத்துக்கு அரைக் கிலோகூட இல்லை. சில மாதம் ஏறியும் இருக்கிறது. இன்றைக்கும் 63க்கும் 65க்கும் நடுவில்தான் இருக்கிறாள். மாத்திரை அதே 75.

இதையெல்லாம் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் சொன்னேன். பாதி கேட்டார். பிறகு, "நீங்க சொல்றது சரி சார். ஆனா எங்க வீட்ல மருமகளுக்கு அதெல்லாம் இல்ல. சுத்த சோம்பேறித்தனம். எப்பப் பார்த்தாலும் படுக்கை, முடி கொட்டுது, ரெண்டு சுத்து பெருத்துட்டா" என்றார்.

என் மனைவி முந்திக்கொண்டாள். "அவளுக்குக் குளிருதா அண்ணா?"

அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "ஏ.சி.யை நிறுத்துன்னு புருஷன்கூட தினம் சண்டை" என்றார்.

நாளைக்கே வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். இதை எழுதுவது சனிக்கிழமை இரவு. காலையில் அவர் அங்கே உட்கார்ந்திருந்தால் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பேன்.