போல்ட்டை இறுக்குவதற்கும் அளவு வேண்டும்

சைக்கிளின் போல்ட் தளர்ந்தால், கைவலிமை உள்ள மட்டும் அதை முறுக்குவதே இன்றும் வழக்கமாக இருந்து வருகிறது. 'நன்றாக இறுக்கு' என்பார்களேயன்றி, எவ்வளவு என்று எவரும் கூறுவதில்லை. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும்.

ஸ்பானரில் காணப்படும் எண் போல்ட்டின் அளவன்று. அதன் தலையின் அகலமேயாகும். 10 மில்லிமீட்டர் ஸ்பானர் பொதுவாகப் பொருந்துவது, மரையின் விட்டம் 6 மில்லிமீட்டராக உள்ள 'எம் 6' போல்ட்டுக்கே.

இறுக்கும்போது போல்ட் நுண்ணிய அளவில் நீளுகிறது. மீண்டும் சுருங்க முயலும் அதன் இழுவிசையே உறுப்புகளைப் பிணிக்கிறது. அவ்விசை குறைந்தால் பிணைப்புத் தளரும்; மிகுந்தால் போல்ட் நீண்டபடியே நின்றுவிடும், அல்லது மரை அழியும்.

முறுக்குவிசை என்பது கைவிசையையும் பிடியின் நீளத்தையும் பெருக்கி வருவது. இக்காலச் சைக்கிள்களில் ஹாண்டில் பாரைப் பற்றும் எம் 5 போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் போதுமானது. 20 சென்டிமீட்டர் பிடியின் நுனியில் இது சுமார் இரண்டரைக் கிலோகிராம் எடைக்குச் சமம். கிராங்க் போல்ட்டுக்கோ சுமார் 40 நியூட்டன் மீட்டர், அதாவது 20 கிலோகிராம் எடை, வேண்டியிருக்கலாம். இவ்விரண்டையும் ஒரே கைப்பழக்கத்தால் இறுக்குவது எங்ஙனம் பொருந்தும்?

ஹாண்டில் பார் நழுவினால் வீழ்பவர் சைக்கிளில் செல்லும் களப்பணியாளரும் மாணவருமே. ஆதலின் தயாரிப்பாளர் குறித்த அளவைப் பார்த்து இறுக்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்குதல் நன்று. முறுக்குவிசை காட்டும் ஸ்பானர் இல்லாத பள்ளியில், சுருள்வில் தராசைப் பிடியின் நுனியில் மாட்டிச் செங்குத்தாக இழுத்துக் காட்டினாலே, மாணவர் கை அளவை அறிந்துகொள்ளும்.